மாபெரும் ஒன்றிணைவு நாள்

மாபெரும் ஒன்றிணைவு நாள் ருமேனியாவின் தேசிய நாள். ஆண்டுதோறும் டிசம்பர் 1 அன்று நாடு முழுவதும் விடுமுறையுடன் கொண்டாடப்படுகிறது. 1918இல் இதே நாளில் அல்பா யூலியா நகரில் கூடிய ருமேனியர்களின் தேசியப் பேரவை, ஹங்கேரிய ஆட்சியின் கீழ் இருந்த திரான்சில்வேனியா, பானாத், கிரிஷானா, மராமுரேஷ் ஆகிய பகுதிகள் ருமேனிய முடியரசோடு இணைவதாக அறிவித்தது. அந்த நாள் தேசிய நாளாகச் சட்டத்தில் ஏறுவதற்கு 72 ஆண்டுகள் ஆயின. ருமேனியாவின் இருபதாம் நூற்றாண்டை அறிய விரும்புவோர் இந்தத் தாமதத்தின் கதையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பேரவை

முதல் உலகப்போரின் முடிவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதறியது. திரான்சில்வேனியாவில் ருமேனியர்களே பெரும்பான்மை. அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். 1918 நவம்பர் நடுவில் ஹங்கேரிய அமைச்சர் ஓஸ்கார் யாசி அராத் நகருக்கு வந்து சமரசம் பேசினார். ருமேனியத் தேசியக் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான யூலியு மானியு முழுப் பிரிவினைக்குக் குறைந்த எதற்கும் இசையவில்லை. பேச்சு முறிந்தது, பேரவைக்கு அழைப்பு போனது.

அல்பா யூலியாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வலாக்கியா, மோல்தாவியா, திரான்சில்வேனியா மூன்றையும் 1600இல் சில மாதங்கள் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த மிஹாய் மன்னர் வெற்றியோடு நுழைந்த ஊர் அது. குடியானவர் கிளர்ச்சியை நடத்திய ஹோரியா, குளோஷ்கா இருவரையும் 1785இல் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொன்றதும் அங்கேதான். பெருமையும் வலியும் ஒரே மண்ணில் கிடந்தன.

1,228 பேராளர்கள் கோட்டைக்குள் இருந்த படை அதிகாரிகளின் மன்றக் கட்டடத்தில் கூடினர். முதியவர் கியோர்கே போப் தலைமை வகித்தார். வாசிலே கோல்டிஷ் தீர்மானத்தை வாசித்தார். வெளியே, ஹோரியாவின் பெயர் தாங்கிய திடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் குளிரில் காத்திருந்தனர். ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்கள். அவர்களுக்குத் தீர்மானத்தை உரக்கப் படித்துச் சொன்னவர் கிரேக்கக் கத்தோலிக்க ஆயர் யூலியு ஹோஸ்ஸு. போர்முனையில் படமெடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சமோயிலா மார்சா என்ற கிராமத்து ஒளிப்படக்காரர் அந்தக் கூட்டத்தைச் சில கண்ணாடித் தகடுகளில் பதிந்தார். இன்று ருமேனியப் பாடநூல்களில் காணும் அந்த மக்கள் வெள்ளம் அவர் எடுத்த படந்தான்.

தீர்மானம் நிலத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நிலச் சீர்திருத்தம், பத்திரிகைச் சுதந்திரம், உடனுறையும் எல்லா இனத்தாருக்கும் முழு உரிமை, 21 வயதான ஆண் பெண் இருபாலருக்கும் வாக்கு ஆகியவற்றையும் அது கோரியது. அந்தக் காலத்தில் இது துணிச்சலான கோரிக்கை. ஆனால் 1919 தேர்தலில் வாக்கு ஆண்களுக்கு மட்டுமே கிடைத்தது.

பெசராபியாவும் புக்கோவினாவும் அதே 1918இல் முன்னதாகவே இணைந்திருந்தன. 1920இன் திரியானோன் உடன்படிக்கை திரான்சில்வேனிய இணைப்பை உறுதி செய்தது. 1922 அக்டோபர் 15 அன்று முதலாம் ஃபெர்டினாண்டு அல்பா யூலியாவில் முடிசூடினார். அவர் அணிந்தது எஃகு முடி. 1877 போரில் பிளெவ்னாவில் கைப்பற்றிய துருக்கிப் பீரங்கியை உருக்கிச் செய்தது.

மூன்று தேசிய நாள்கள்

முடியாட்சிக் காலத்தில் தேசிய நாள் மே 10. 1866இல் முதலாம் கரோல் புக்கரெஸ்டுக்கு வந்ததும், 1881இல் அவர் மன்னராக முடிசூடியதும் அந்த நாளில்தான். கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் மே 10 போய் ஆகஸ்டு 23 வந்தது; 1944இல் போர்க்காலச் சர்வாதிகாரி அந்தோனெஸ்குவின் அரசு கவிழ்க்கப்பட்ட நாள் அது. கவிழ்த்தவர் இளம் மன்னர் மிஹாய். கொண்டாட்டத்தில் அவர் பெயருக்கு இடமில்லை.

அந்த ஆட்சி 1918இன் மனிதர்களை நடத்திய விதம் கொடியது. மானியு 1953இல் சிகெத் சிறையில் இறந்தார். ஹோஸ்ஸு சார்ந்த திருச்சபையைத் தடை செய்த ஆணை 1948 டிசம்பர் 1 அன்று வெளியானது; அவர் திடலில் நின்று தீர்மானம் படித்து அன்றோடு சரியாக 30 ஆண்டுகள். சிறையிலும் காவலிலும் கழிந்தது அவரது மீதி வாழ்வு. 1970இல் விடுதலை காணாமலே மறைந்தார். 2019இல் போப் பிரான்சிஸ் பிளாஜ் நகருக்கு வந்து அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார்.

1989 டிசம்பரில் கம்யூனிஸ்டு ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு வீழ்ந்தபின் ஆகஸ்டு 23க்குத் திரும்ப முடியாது. மே 10 என்றால் நாடுகடந்து வாழ்ந்த மன்னர் மிஹாயை நினைவூட்டும். 1990 ஜூலை 31 அன்று வந்த சட்டம் டிசம்பர் 1ஐத் தேர்ந்தது. அன்றைய ஆட்சியாளர் எவருக்கும் சங்கடம் தராத நாள் என்பதும் இந்தத் தேர்வுக்கு உதவியிருக்கும். ருமேனியாவின் ஹங்கேரியர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். அவர்களுக்கு இது இழப்பின் நாள். விழாவில் அவர்கள் பெரும்பாலும் கலந்துகொள்வதில்லை. 1918 தீர்மானத்தின் சிறுபான்மை உரிமை வாசகத்தை அவர்களின் தலைவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த நினைவூட்டலில் நியாயம் இருக்கிறது.

கொண்டாட்டம்

தலைநகர் புக்கரெஸ்டில் படை அணிவகுப்பு வெற்றி வளைவின் அடியில் நடக்கிறது. அந்த வளைவின் கல் கட்டடம் 1936 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பெத்ரே அந்தோனெஸ்கு. அல்பா யூலியாவிலோ நட்சத்திர வடிவக் கோட்டையே விழாக்களம். நீலம், மஞ்சள், சிவப்பு நிறக் கொடிகளோடு பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். பூவேலை செய்த மேற்சட்டையும் ஆட்டுத்தோல் உள்சட்டையும் அணிந்தவர்களைக் கூட்டத்தில் காணலாம்.

விழாவின் உணவு அவரைக்கொட்டைக் குழம்பு. புகையூட்டிய பன்றிக் கால் துண்டோடு பெரிய அண்டாக்களில் கொதிக்கும் அதைத் தெருவிலேயே ஊற்றித் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வெங்காயமும் ஊறுகாயும். முட்டைக்கோசு இலையில் இறைச்சியும் அரிசியும் சுருட்டி வேகவைத்த சர்மாலேயும், சூடாக்கிய ஒயினும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு நவம்பர் 15 அன்றே தொடங்கிவிடுகிறது; ஆதலால் நோன்பு காக்கும் மூத்தவர்களுக்கு இறைச்சி சேர்க்காத குழம்பு தனி அண்டாவில் வேகும். மாலையில் முன்பின் அறியாதவர்களும் கைகோத்து வட்டமாகச் சுற்றி 'ஹோரா' ஆடுகிறார்கள்.