சில செல்களை மட்டும் பிடித்த கறை

அனாட்டமி லேபில் ஸ்லைடு போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஈரலோ சிறுநீரகமோ வந்தால் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஹெமடாக்சிலின், இயோசின் சாயம் ஏற்றுவோம். உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெளிந்து நிற்கும். மூளைக்கு அது போதாது. செல்லின் நடு உடல் தெரியும். அதிலிருந்து கிளம்பும் கிளைகள் அந்த இளஞ்சிவப்பிலேயே கரைந்துவிடும். நரம்புச் செல்லின் தொழிலே அந்தக் கிளைகளில்தான் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் திகைத்து நின்றதும் இங்கேதான். உடலெல்லாம் தனித்தனிச் செல்லால் ஆனது என்று ஒப்புக்கொண்டவர்களே, மூளையை மட்டும் அறுபடாத ஒரே வலை என்று நம்பினார்கள்.

மிலான் நகருக்குப் பக்கத்தில் அப்பியாத்தேகிராசோ என்ற ஊர். தீராத நோய் உள்ளவர்களை வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில் மருத்துவரான கமில்லோ கோல்ஜி, அங்கே ஒரு சமையலறையை லேபாக்கிக்கொண்டார். பொட்டாசியம் டைகுரோமேட்டில் பல நாள் ஊறி இறுகிய மூளைத் துண்டை சில்வர் நைட்ரேட்டில் போட்டார். சில்வர் குரோமேட் படிந்து, செல் அடி முதல் கிளை நுனி வரை கறுத்தது. இதை அவர் வெளியிட்டது 1873இல்.

சில்வர் நைட்ரேட்டோடு பழகியவர்களுக்கு அதன் குணம் தெரியும். குழாய்த் தண்ணீர் பட்டால் பால்போல் திரிந்துவிடும்; இரும்பு இடுக்கி ஆகாது; விரலில் பட்ட கறுப்பு, தோல் உரிந்தால்தான் போகும். கோல்ஜியின் முறையில் இன்னொரு விசித்திரமும் உண்டு: நூற்றில் ஒரு சில செல்களையே அது பிடிக்கும். ஏன் அவற்றை மட்டும் என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. இதைக் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோப்பில் பின்னிக் கிடக்கும் அத்தனை வேருக்கும் கரி பூசினால் எது எந்த மரத்தினுடையது என்று யார் சொல்ல முடியும்?

இந்த முறையில் கறை ஏற்றிய ஸ்லைடு ஒன்றை 1887இல் மாட்ரிட்டில் மனநல மருத்துவர் லூயிஸ் சிமாரோ, ஸ்பானிய உடற்கூறியல் பேராசிரியர் சாண்டியாகோ ரமோன் இ கஹாலுக்குக் காட்டினார். அதே ஆண்டு பார்சிலோனாவுக்குப் போன கஹால் முறையைத் திருத்தினார். வெள்ளியில் ஒரு முறைக்கு இரு முறை ஊறவைத்தார். வளர்ந்த மூளையை விட்டுவிட்டு, கருவையும் குஞ்சையும் எடுத்துக்கொண்டார்; நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்புறை வளரும் முன்பே கறை நன்றாக ஏறும், கிளைகளும் குட்டையாக இருக்கும். என் கண்ணில் அவருடைய மேதைமை இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

1888இல் சொந்தச் செலவில் தொடங்கிய இதழில் பறவைச் சிறுமூளையைப் பற்றி எழுதினார். ஒரு செல்லின் இழைநுனி பெரிய பர்கிஞ்சி செல்லைக் கூடைபோலச் சுற்றிவந்தும் அதில் கலக்காமல் முடிகிறது என்றார். மறு ஆண்டு பெர்லின் மாநாட்டுக்கு ஸ்லைடுகளைத் தாமே கொண்டுபோய், மூத்த அறிஞர் கோலிக்கரைப் பார்க்கவைத்தார். 1891இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் வால்டையர் அந்தத் தனிச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயரிட்டார். விழித்திரையிலும் மூக்கிலும் கிளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை வைத்தே, கிளையான டென்ட்ரைட் வாங்குகிறது, நீள இழையான ஆக்சான் கொண்டுசெல்கிறது என்று செய்தி போகும் திசையையும் கஹால் சொன்னார். உயிரற்ற துண்டிலிருந்து ஓட்டத்தைப் படித்தவர் அவர்.

1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் கிடைத்தது. மூளை ஒரே வலை என்ற நம்பிக்கையைக் கோல்ஜி அந்த மேடையிலும் விடவில்லை. 1950களில் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப், நியூரான்களுக்கு நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டியது. சில இடங்களில் அடுத்தடுத்த செல்களை நுண்குழல்கள் நேரே இணைப்பதும் பிறகு தெரியவந்தது.

டென்ட்ரைட்டின் மேல் முள்முள்ளாக நிற்கும் புடைப்புகளையும் கஹால் 1888இலேயே வரைந்திருந்தார். அவை வெள்ளி படிந்த பிசிறு என்று பலர் தள்ளினார்கள். சாயம் ஏற்றுகிறவனுக்கு இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு கிடையாது. 1896இல் வெள்ளியே சேராத மெத்திலீன் நீலத்தில் அதே முட்களை அவர் காட்டினார். மூளையில் பெரும்பாலான தூண்டும் இணைப்புகள் அவற்றின் மேல்தான் அமைகின்றன. அவற்றை எண்ணுவதற்கு லேப்களில் இன்றும் டைகுரோமேட்டில் துண்டு ஊறுகிறது.