அடைபட்ட குழாயும் அதைத் திறந்த கைகளும்

பள்ளிக்கூடத்தில் சிந்துவெளி நாகரிகம் படித்திருப்பீர்கள். "மூடிய சாக்கடை வசதி இருந்தது" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டபோது யார் திறந்தார்கள் என்று எந்தக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை. எனக்கோ அந்தக் கேள்வியில்தான் வரலாறே இருப்பதாகத் தோன்றுகிறது. பி.காம். படிக்கிறவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். செலவைக் குறைப்பதும் எங்கள் பாடம்தானே!

மொகஞ்சதாரோவில் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் கழிவுநீர் தெருவோரத்துச் செங்கல் வாய்க்காலில் போய் விழுந்தது. மேலே செங்கல்லாலோ கல்லாலோ மூடி. இடையிடையே கசடு தங்குவதற்குக் குழிகள். மூடியைத் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்றால், அடைப்பு வரும் என்று கட்டும்போதே தெரிந்திருக்கிறது. நம் பக்கம் கீழடியில் 2015-ல் தொடங்கிய அகழாய்வில் உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் கிடைத்தன. குழாய் கிடைத்துவிட்டது. அதைக் குத்திச் சுத்தம் செய்தவர் பெயர் எந்தப் பானை ஓட்டிலும் கிடைக்காது.

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தத் தொல்லையே கிடையாது. அடுக்களைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர், கஞ்சித்தண்ணி, மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் நேராக வாழை மூட்டுக்கோ தென்னை மூட்டுக்கோ போய்விடும். குழாய் இருந்தால்தானே அடைக்கும்? கான்கிரீட் வீடும் சிங்க்கும் வந்த பிறகுதான் அடைப்பும் வீட்டுக்குள் வந்தது. தேங்காய்த் துருவல், மீன் செதிள், மரச்சீனித் துணுக்கு, அதற்கு மேல் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்பது, குழாய்க்குள்ளும் அப்படியே நிற்கும்.

அடைப்பு எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். கழிப்பறைக் குழாயைப் பாம்பு மாதிரி வளைத்தார், அவ்வளவுதான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் நாற்றத்தை மேலே விடாது. இன்று சிங்க்குக்கு அடியில் இருக்கும் பாட்டில் டிராப்பும், குளியலறைத் தரையில் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்று சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நாற்றத்தைத் தடுக்கிற இடமே முடியையும் சோற்றையும் பிடித்து வைக்கிற இடமாகவும் ஆகிவிட்டது. சிங்க் அடைத்தால் பெரும்பாலும் குற்றவாளி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறான்.

ஆனாலும் நாம் கை வைப்பதில்லை. ஏன்? நம் நாட்டில் அடைப்பை எடுப்பது ஒரு வேலையாக இருக்கவில்லை, ஒரு பிறப்பாக இருந்தது. தமிழ்நாட்டில் அருந்ததியர் போன்ற சில சாதியினர் தலையில் அது சுமத்தப்பட்டது. 1901-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தி, அங்கே கழிப்பிடங்கள் கிடந்த கிடையைப் பார்த்துத் தொண்டர்களிடம் சொன்னார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டி வேலை என்று பதில் வந்தது. அவரே துடைப்பம் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். தேசத்தை விடுதலை செய்யக் கூடியவர்கள் துடைப்பத்தைத் தொட மறுத்திருக்கிறார்கள்! கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் வருவதற்கு 1993 வரை ஆனது.

மேலை நாட்டில் கதை வேறு மாதிரிப் போனது. அங்கே கருவி வந்தது. 1870-களில் அமெரிக்காவில் ஜான் ஹாலி என்பவர் ரப்பர் கிண்ணத்தை வைத்து அழுத்தி அடைப்பை எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கடையில் பிளஞ்சர் என்று கேட்டால் தருவார்களே, மரக்கைப்பிடி போட்டது, அதன் மூதாதை. அதற்கு முன்னால் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1923-ல் டிரானோ வந்தது. காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துகளும் கலந்தது. தண்ணீர் பட்டால் கொதிக்கும், எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிவிடும். ஆமாம், சோப்பு செய்கிற அதே வேதியியல்தான்.

எனக்குப் பிடித்தது சாமுவேல் பிளாங்க் கதை. அயோவா மாநிலத்துக்காரர். மகன் வீட்டுச் சாக்கடைக் குழாயில் மரவேர் புகுந்து அடைத்துக்கொண்டது. தோண்டாமல் எடுக்க வேண்டும் என்று வாஷிங் மெஷின் மோட்டார், ரோலர் ஸ்கேட் சக்கரம், இரும்புக் கேபிள், முனையில் சுழலும் கத்தி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இயந்திரம் செய்தார். 1930-களில், பெருமந்த காலத்தில், வேலை இழந்தவர்கள் அதை 250 டாலருக்கு வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். 'ரோட்டோ ரூட்டர்' என்ற கம்பெனி அப்படித்தான் வளர்ந்தது. அடைப்பு எடுப்பது அங்கே மனிதனைத் தாழ்த்தவில்லை, அவனுக்கு முதலாளி என்ற பெயர் கொடுத்தது. கருவி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கருவியைப் பிடித்த கையை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை என்பதும் காரணம்.

அதே காலத்தில் எங்கள் ஊரிலும் ஒன்று நடந்தது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். இனாமாகக் கொடுக்காதே, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு, செய்வது அவரவர் கையாக இருக்கட்டும் என்பது அவருடைய வழி. தேனீ வளர்ப்பு இங்கே பரவியதில் அந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1932-ல் அவர் எழுதிய புத்தகமும் வறுமையிலிருந்து மேலே வருவதைப் பற்றியதுதான்.

அந்த வழியில் சிங்க்கைப் பார்ப்போம். முதலில் வாளியைக் கீழே வைத்துவிட்டு பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். செலவு பூஜ்யம், பாதி அடைப்பு அங்கேயே முடிந்துவிடும். நானி டிராப்பில் முடி என்றால் பழைய சைக்கிள் பிரேக் கேபிளின் முனையைக் கொக்கி மாதிரி வளைத்து இழுக்கலாம். அடுத்தது பிளஞ்சர். கிண்ணம் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்க வேண்டும். வாஷ் பேசினில் மேலே இருக்கும் சின்ன ஓட்டையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுதான் போய்வரும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீர் போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பி.வி.சி. இளகிவிடும். சோடா உப்பும் வினிகரும் நன்றாக நுரைக்கும், பார்க்க அழகு, கெட்டியான அடைப்பை அசைக்காது. காஸ்டிக் பவுடர் கடைசி வழி. கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. ஆசிட்டோடோ பிளீச்சிங் பவுடரோடோ சேர்க்கவே கூடாது. அதை ஊற்றிய பிறகு பிளஞ்சர் போட்டால் முகத்தில் தெறிக்கும்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் குழாய்க்கு மட்டும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து நாமும் இறங்கக் கூடாது, இன்னொருவரையும் இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சாவது அதனால்தான். 2013 சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. லாரி கூப்பிட்டால் ஆகும் செலவை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடும் தூரத்தில்தான் திருவனந்தபுரம். பொறியியல் படித்து முடித்த இளைஞர்கள் நடத்தும் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் ரோபோ 2018-ல் அங்கே ஆள்நுழை குழிக்குள் இறங்கியது. அதற்குப் பெயர் பண்டிகூட், அதாவது பெருச்சாளி. அந்த ஆங்கிலச் சொல்லே தெலுங்கின் 'பந்திகொக்கு'விலிருந்து போனதுதான்.