செருகுவாய் கூறும் வரலாறு

2006ஆம் ஆண்டில், நான் உதவியாசிரியனாகப் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது. பாடப் படங்கள் திரையில் தெளிவாய்த் தோன்றும் பொருட்டு, மலிவான கிராபிக்ஸ் அட்டையொன்று வாங்க எண்ணினோம். பால்வெட்டும் பெற்றோர்கள் 200 வெள்ளி திரட்டித் தந்தனர். பட்டணஞ் சென்று வாங்கி வந்தவன் நானே. கணிப்பொறியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், அட்டை பொருந்தவில்லை. உறை பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப ஏற்கவுமில்லை. அவரை நோவதிற் பயனில்லை, அறியாமை என்னுடையது. அதனைப் போக்க முனைந்தபோதுதான், அட்டை செருகும் அச்சிறு பிளவுக்குள் ஒரு வரலாறே அடங்கியிருப்பதைக் கண்டேன்.

அப்பிளவைக் கடைகளில் ‘ஸ்லாட்’ என்பர். நாம் செருகுவாய் என்போம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியில் இத்தகைய வாய்கள் ஐந்து இருந்தன. திரையில் எழுத்துத் தோன்றுவதற்கே தனி அட்டை வேண்டியிருந்த காலம் அது. அந்நிறுவனம் தன் பொறியின் மின்சுற்று விளக்கங்களை நூலாகவே வெளியிட்டது. அதனால் பிறரும் அதற்குரிய அட்டைகளைச் செய்து விற்கலாயினர். 1984இல் 8 பிட் வாயின் நுனியோடு மற்றொரு துண்டை நீட்டி 16 பிட் ஆக்கினர். பழைய அட்டைகளிற் பலவும் அதிலேயே அமர்ந்தன. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்டு உலகெங்கும் விற்ற ‘சவுண்டு பிளாஸ்டர்’ ஒலி அட்டையும் இப்பொது வாயிற் புகுந்ததே.

1987இல் ஐ.பி.எம். வழி மாறியது. ‘மைக்ரோ சேனல்’ என்னும் புதிய வாயை அமைத்தது. அது விரைவானதுதான், ஆயினும் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. அதனைப் பின்பற்ற விரும்பிய நிறுவனங்கள் உரிமைத் தொகை செலுத்தவும் வேண்டியிருந்தது. மறு ஆண்டே காம்பேக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய அட்டையையும் ஏற்கும் ‘ஈ.ஐ.எஸ்.ஏ.’ வாயை அறிவித்தன. பழைய பொது வாய்க்கு ‘ஐ.எஸ்.ஏ.’ என்னும் பெயர் வழங்கலானது அப்பொழுதுதான். மைக்ரோ சேனல் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. ஐ.எஸ்.ஏ. வாயோ அதன் பின்னரும் பன்னெடு நாள் தாய்ப்பலகைகளில் நின்றது. யாவரும் ஒப்பிய வழியே நீடிக்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1992இல் இன்டெல் நிறுவனம் ‘பி.சி.ஐ.’ வாயை வகுத்தது. அதன் வேகம் நொடிக்கு 133 மெகாபைட்டு. அதனையும் எல்லா அட்டைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முப்பரிமாணப் படங்கள் பெருகவே அது போதாதாயிற்று. ஆகவே படத்துக்கெனத் தனிப் பாதையாக ‘ஏ.ஜி.பி.’ வாய் 1997இல் தாய்ப்பலகைகளில் இடம்பெற்றது. 2004இல் ‘பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்’ அதன் இடத்தைப் பற்றியது. ஆயினும் சில ஆண்டுகள் இரண்டும் கடைகளில் ஒருங்கே விற்றன. அவ்விடைக்காலத்தில்தான் நான் இடறினேன்: பள்ளிக் கணிப்பொறியின் வாய் ஏ.ஜி.பி.; நான் வாங்கியதோ எக்ஸ்பிரஸ்.

இன்றும் அலுவலகங்கள் கழித்த பழைய கணிப்பொறிகளை நம் குடும்பங்கள் வாங்குகின்றன. மின்னிணைப்பை அகற்றி, பக்கமூடியைத் திறந்து பாருங்கள். பி.சி.ஐ. பெரும்பாலும் வெண்ணிறம், ஏ.ஜி.பி. பெரும்பாலும் பழுப்பு நிறம், பலகையின் பின்விளிம்பிலிருந்து சற்று உள்ளடங்கியிருக்கும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பற்க. பலகையில் அச்சிட்ட எழுத்தையும் படித்தறிக. எக்ஸ்பிரஸ் வாய்களில், கிராபிக்ஸ் அட்டைக்குரிய 16 தட வாய் ஏறத்தாழ 9 செண்டிமீட்டர் நீளமுள்ளது. ஒரு தட வாய் இரண்டரை செண்டிமீட்டரே.

எக்ஸ்பிரஸ் வாயில் முந்திய தலைமுறையும் பிந்திய தலைமுறையும் பொதுவாகப் பொருந்தும். வேகம் மட்டும் இரண்டனுள் குறைந்ததாகும். இதிலும் மலிவு அட்டை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 2022இல் வந்த ‘ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.’ அட்டை நீண்ட வாயில் அமர்ந்தாலும் நான்கு தடங்களையே பயன்படுத்துவது. மூன்றாந் தலைமுறைப் பலகையில் அப்பாதையின் வேகமும் பாதியாகிவிடும். மேலும், வாய் வழங்கும் மின்சாரம் 75 வாட்டுக்கு மேற்படாது. அதற்குமேல் வேண்டும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். அஃது உளதா என்பதையும், ஒடுங்கிய பெட்டியாயின் அட்டையின் உயரம் பொருந்துமா என்பதையும் முன்னரே நோக்குக.

பொருந்தாத அவ்வட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அதனைக் காட்டி, இக்கதையைச் சொல்லி வருகிறேன். அன்று வீணான 200 வெள்ளிக்கு நான் செலுத்தும் வட்டி அதுவே.