வியாகுலப் பிரசங்கம்: அழுகையும் மன்றாட்டே

தவக்காலத்தில் நம் கத்தோலிக்க ஊர்களில் துயர இராகத்தில் பாடி வாசிக்கப்படும் நூல் வியாகுலப் பிரசங்கம். எழுதியவர் கோவாவிலிருந்து 1705 இல் இலங்கை வந்து, 1742 இல் இங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலம் அது.

துன்பம் விசுவாசத்தை வளர்க்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயிடம் அப்படிச் சொல்வது கொடுமை. இந்நூல் அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதில்லை. மகனை இழந்த மரியாவோடு ஊரே இருந்து அழுகிறது. வேதாகமத்திலும் 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசுவும், ஏன் கைவிட்டீர் என்றே கேட்டார். முறையிடுவதும் மன்றாட்டுத்தான்.

போருக்குப் பின், இறந்தவர்களை நினைவுகூரத் தடைகள் இருந்த ஆண்டுகளிலும், அந்த வாசிப்பில் வாய்விட்டு அழ எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.