துவக்கும் குறியும்

கண்டி மாநகருக்கு மேற்கே சில மைல் தொலைவில், பேராதனைப் பூந்தோட்டத்தை மகாவலி கங்கை வளைந்து தழுவிச் செல்கின்றது. ஆற்றின் ஒரு கரையில் பூந்தோட்டம். மறு கரையில் கன்னொறுவை. குறிபார்த்துச் சுடும் கலையின் இரு காலங்களை இவ்விரு கரைகளும் நினைவூட்டுகின்றன. ஒன்று 1638ஆம் ஆண்டு. மற்றையது 1944ஆம் ஆண்டு.

ஈழத்துத் தமிழர் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பர். சிங்கள மக்களும் ஏறக்குறைய அவ்வாறே வழங்குவர். துருக்கி, பாரசீக நாடுகளின் பக்கமிருந்து வணிகத்தோடும் போரோடும் வந்த சொல் இது. சொல் அயலிலிருந்து வந்ததேனும், தொழிலை இந்நாட்டுக் கொல்லர் தமதாக்கிக் கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்த ஒல்லாந்தர் லின்சோட்டன், சிங்களக் கொல்லர் செய்யும் குழல்களின் அழகையும் வெள்ளியை ஒத்த பளபளப்பையும் வியந்து எழுதியுள்ளார். பிடியின் அடி கவர்பட்டிருப்பதும், பொறி இடப்பக்கத்தில் அமைந்திருப்பதும் இத்துவக்குகளின் தனி அடையாளங்கள்.

1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தியோகு தெ மெலோ தலைமையில் கண்டிமீது படையெடுத்த போர்த்துக்கேயர், திரும்பும் வழியில் கன்னொறுவையில் இரண்டாம் இராசசிங்கனின் படையால் வளைக்கப்பட்டனர். உயிர் தப்பினோர் மிகச் சிலர். போர்த்துக்கேயரிடம் துப்பாக்கி இல்லாமலில்லை. ஆனால் குன்றும் காடும் ஒடுங்கிய வழியும் கண்டியருக்கே பழகியவை. எந்த வளைவில் பகைவன் தோன்றுவான், அவ்விடம் எவ்வளவு தூரம் என்பதை அறிந்தவனுக்கு நிலமே குறிகாட்டி அன்றோ?

முந்நூற்றாறு ஆண்டுகள் கழிந்தன. 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பர்மாப் போரின் திட்டங்கள் அத்தோட்டத்து மரநிழலில் வகுக்கப்பட்டன. அப்போரின் காலத்தில் பிரித்தானியப் படையின் தேர்ந்த குறிவீரர் கையாண்டது, தொலைநோக்கி பூட்டிய நான்காம் இலக்க லீ என்பீல்டு றைபிள். அதன் தொலைநோக்கிக்கு முப்பத்திரண்டாம் இலக்கம் என்று பெயர். அது பொருளை மும்மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே.

தொலைநோக்கியைப் பூட்டிவிட்டால் குறி தானாகவே அமைந்துவிடும் என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. குண்டு நூல் பிடித்தாற்போல் நேரே செல்வதில்லை. வில்லாக வளைந்து செல்கின்றது. கண்ணின் பார்வையோ நேர்கோடு. மேலும், தொலைநோக்கி குழலுக்குச் சற்று மேலே இருக்கின்றது. ஆகவே இரண்டு கோடுகளும் குறித்த ஒரு தூரத்தில் சந்திக்குமாறு இணக்க வேண்டும். இதனையே ஆங்கிலேயர் 'சீரோ' செய்தல் என்பர்.

முறை எளியது, பொறுமைதான் அரியது. றைபிளை மணல் மூட்டைமீது அசையாது கிடத்தி, நூறு யார் தொலைவிலுள்ள கடதாசி இலக்கின் நடுவைக் குறித்து ஐந்து முறை சுடுவர். ஒரு குண்டின் துளையை நம்பலாகாது. ஐந்து துளைகளின் கூட்டத்தையே நோக்க வேண்டும். அக்கூட்டம் வலப்புறம் ஒதுங்கியிருந்தால், தொலைநோக்கியின் உள்ளே தெரியும் குறிமுள்ளையும் உருளையைத் திருகி வலப்புறமே நகர்த்துவர். சென்ற குண்டை மாற்ற இயலாது. காணும் கண்ணையே குண்டு விழுந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒன்றிய பின், உருளையின் எண்தட்டை மட்டும் தளர்த்திச் சரியான தூரத்தில் நிறுத்திப் பூட்டுவர்.

இவ்வாறு இணைந்த தொலைநோக்கியின் எண்ணை அந்த றைபிளின் கட்டையிலேயே பொறித்தனர். ஒன்றின் தொலைநோக்கியை மற்றொன்றில் மாட்டினால் இணக்கம் கெடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று அப்பழைய கருவிகளைப் பேணுவோர் முதலில் தேடுவது இந்த எண்பொருத்தத்தையே.

கருவிக்கும் கருவிக்கும் உள்ள உறவு இதுவாயின், கருவிக்கும் நாட்டுக்கும் உள்ள உறவு எத்தகையது? 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது, லெவ்கே திசாவையின் அணிகலப் பீரங்கியோடு 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் கடல் கடந்தன. ஆம்சுடர்டாம் அருங்காட்சியகத்தில் அவை பழுதின்றி இருந்தன. ஆயினும் அவற்றைச் செய்த கையும் அவை காத்த மலையும் அங்கே இல்லை. 2023ஆம் ஆண்டு அவை இலங்கைக்கு மீண்டு, கொழும்பு தேசிய நூதனசாலையை அடைந்தன.

இனி அவை சுடப்போவதில்லை, சுடவும் வேண்டியதில்லை. சொந்த மண்ணில் நிற்கும்போது, அவற்றைச் செய்தவர் யார், எதைக் காக்கச் செய்தனர் என்று கேட்பதற்கு ஒரு பிள்ளையேனும் வரும். இருநூற்றைம்பத்தெட்டு ஆண்டுகளாகப் பிரிந்திருந்த இணை அன்றே ஒன்றுசேரும்.