லீவே போடாதவருக்கு எதுக்கு லீவு சம்பளம்?

போன மாசம் ஓபியில ஒரு அம்மா வந்திருந்தாங்க. வயசு 56. கீழ்ப்பழனி மலையில ஒரு காபித் தோட்டத்துல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவங்க. மூட்டு வலிக்கும் பிரஷருக்கும் நம்மகிட்டதான் மாத்திரை வாங்குறாங்க. "இனிமே எந்தக் கிழமை வரச் சொன்னாலும் வருவேன் சார். வேலையை விட்டு நிறுத்திட்டாங்க"ன்னு சொன்னாங்க.

கணக்கு முடிச்சுட்டாங்களான்னு கேட்டேன். முடிச்சாச்சாம். அதுல லீவு சம்பளம் இருந்துச்சா?

"நான்தான் லீவே போட்டதில்லையே சார். அப்புறம் எதுக்கு லீவு சம்பளம் குடுப்பாங்க?"

விஷயம் நேர் எதிர் மக்களே. லீவு போடாததாலதான் அந்தப் பணம் அவங்களுக்கு வரணும். இது முதலாளி போடுற போனஸ் இல்ல, கருணையும் இல்ல. ஏற்கெனவே உழைச்சு ஈட்டின சம்பளம், கைக்கு வராம நிக்குது, அவ்வளவுதான். இந்த உரிமை எப்படி வந்துச்சுன்னு நம்ம கொடைக்கானல் மலையில இருந்தே சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

கொடைக்கானல் நகரமே ஓய்வுக்காக உருவான ஊர். பளியர் பழங்குடி மக்களும், வில்பட்டி, பூம்பாறை மாதிரி ஊர்க்காரங்களும் இந்த மலையில ரொம்ப காலமா இருக்காங்க. ஆனா இன்னைக்கு நாம பார்க்கற நகரம் 1845ல தொடங்குது. 1834ல மதுரையில பணி ஆரம்பிச்ச அமெரிக்க மிஷனரிங்க, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்தாங்க. முதல்ல சிறுமலையில தங்கிப் பார்த்தாங்க. அங்கேயும் காய்ச்சல் விடல. அதனால இன்னும் உயரத்துக்கு ஏறி 1845ல கொடைக்கானல்ல ரெண்டு பங்களா கட்டினாங்க. சன்னிசைட், ஷெல்டன்னு பேர்.

அவங்க பின்னாடியே வெள்ளைக்கார அதிகாரிங்களும் வந்தாங்க. 1863ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரைதான் இப்ப நீங்க படகு விடற ஏரியை உருவாக்கினவர். ஓய்வு பெற்ற பிறகு அவரும் கொடைக்கானல்லயே குடியேறிட்டார்.

ஒரு டாக்டரா எனக்கு இதுல ஒண்ணு முக்கியமாப் படுது. வருஷத்துல கொஞ்ச நாள் வேலையை விட்டு விலகி இருக்கலைன்னா உடம்பு தாங்காதுன்னு 180 வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. அப்ப லீவுங்கறது கிட்டத்தட்ட ஒரு மருந்து.

ஆனா அந்த மருந்து யாருக்குக் கிடைச்சுது? மோட்டார் ரோடு வர்ற வரைக்கும், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புல இருந்து செங்குத்தான பாதையில ஏறணும். அதுக்குப் பேரே கூலி காட். துரைங்க குதிரையில போனாங்க, இல்லைன்னா டோலியில போனாங்க. டோலிக்குள்ள உட்கார்ந்திருந்தவருக்குச் சம்பளத்தோட லீவு. டோலியைத் தூக்கின நம்ம ஆளுக்கு, அன்னைக்குத் தூக்கினாதான் அன்னைக்குக் கூலி. காய்ச்சல் வந்து படுத்தா அன்னைக்கு அடுப்பு எரியாது.

இந்த நிலைமை மாற 1930கள் ஆச்சு. 1936ல பிரான்சுல பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்துச்சு. அதுக்கப்புறம் அங்க தொழிலாளிக்கு வருஷம் ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் வந்துச்சு. அதே வருஷம் ஜெனீவாவுல சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 'சம்பளத்துடன் கூடிய விடுமுறை' பற்றி ஓர் உடன்படிக்கை போட்டுச்சு. அதுல ரெண்டு விதியைக் கவனிங்க.

ஒண்ணு: "எனக்கு லீவு வேண்டாம்"னு தொழிலாளியே எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது.

ரெண்டு: சேர வேண்டிய லீவை எடுக்கறதுக்கு முன்னாடி முதலாளி தரப்புக் காரணத்தால வேலையை விட்டு அனுப்பினா, அத்தனை நாளுக்கும் சம்பளம் கொடுக்கணும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு 1936லயே பதில் எழுதி வெச்சிருக்காங்க.

இந்தியாவுல 1945ல ஆலைச் சட்டத்தைத் திருத்தி, பெரியவங்களுக்கு வருஷம் பத்து நாள் சம்பளத்தோட லீவுன்னு கொண்டு வந்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948 ஆலைச் சட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும்தான் இன்னைக்கு வரைக்கும் இருக்கற கணக்கை உருவாக்கின சட்டங்கள். அந்தக் கணக்கு ரொம்ப எளிமை:

20 நாள் வேலை பார்த்தா 1 நாள் லீவு. 240 நாள் வேலைக்கு 12 நாள். எடுக்காத லீவை 30 நாள் வரைக்கும் சேர்த்து வைக்கலாம். வேலையை விட்டு நிறுத்தினா, மீதி இருக்கற லீவுக்கு உண்டான சம்பளம் ரெண்டாவது வேலை நாள் முடியறதுக்குள்ள கைக்கு வந்தாகணும். ஆலைச் சட்டத்துல தானா விலகினவருக்கும் இதே கெடுதான். ஓய்வு பெற்றாலோ இறந்துட்டாலோ ரெண்டு மாசத்துக்குள்ள.

இந்தச் சட்டங்களை எல்லாம் ஒண்ணாக்கின புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சு. அதுலயும் 20க்கு 1, 30 நாள் சேமிப்பு, ரெண்டு வேலை நாள் கெடு அப்படியே இருக்கு. ஆலைச் சட்டத்துல வருஷம் 240 நாள் வேலை பார்த்திருக்கணும்னு இருந்தது இப்ப 180 நாளாக் குறைஞ்சிருக்கு.

கடையில வேலை பார்க்கறவங்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தா அடுத்த வருஷத்துல 12 நாள் சம்பளத்தோட லீவு. இதுல பல பேருக்குத் தெரியாத ஒரு வரி உண்டு. லீவு கேட்டு, முதலாளி மறுத்து, அதுக்கப்புறம் நீங்களே வேலையை விட்டாலும் அந்த லீவுக்குச் சம்பளம் உண்டு. அதனால லீவு கேட்கும்போது எழுத்துல கேளுங்க. வாட்ஸ்அப்ல கேட்டாலும் அதை அழிக்காம வெச்சுக்கங்க.

சட்டத்துல ஓட்டையும் இருக்கு. அஞ்சு ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கருக்குக் கீழ உள்ள தோட்டம், சட்டத்தோட கண்ணுக்குத் தோட்டமே இல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனீங்கன்னா காபி, மிளகு, மலைவாழைன்னு சின்னச் சின்ன தோட்டங்கள் எத்தனையோ பார்க்கலாம். அங்க வேலை செய்யறவங்க நிலைமை டோலி தூக்கின காலத்துல இருந்து ரொம்ப தூரம் வந்துடல.

இன்னொரு கணக்கும் இந்த மலையில நடந்துச்சு. அமெரிக்காவுல வாட்டர்டவுன்ல இருந்த தெர்மாமீட்டர் ஆலையை 1980கள்ல கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தாங்க. பின்னாடி அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. 2001ல மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்குல கிடைச்சு, போராட்டம் வெடிச்சு, ஆலை மூடப்பட்டுச்சு. பாதரசத்தால உடம்பு கெட்டுப்போச்சுன்னு தொழிலாளர்கள் சொன்னாங்க. நிறுவனம் அதை ஒத்துக்கல. 2006ல முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 591 பேருக்கு உடன்பாடு வந்தது 2016 மார்ச்லதான். ஆலை மூடி 15 வருஷம் கழிச்சு.

எதுக்கு இதைச் சொல்றேன்னா, எடுக்காத லீவுக்குச் சட்டம் ரெண்டு நாள்ல கணக்கு போட்டுடும். வேலை உடம்புல விட்டுட்டுப் போறதுக்கு அப்படி ரெண்டு நாள்ல கணக்கு முடியறதில்ல.

இப்ப எங்க கதை. அரசு ஊழியருக்குத் தமிழ்நாட்டுல வருஷம் 30 நாள் ஈட்டிய விடுப்பு. 240 நாள் வரைக்கும் சேர்க்கலாம். ஓய்வு பெறும்போது அது பணமாகும். பணியில இருக்கும்போதே வருஷத்துக்கு 15 நாளைச் 'சரண்டர்' பண்ணிக் காசாக்கலாம். 2020 ஏப்ரல்ல, கொரோனா நிதி நெருக்கடின்னு அந்தச் சரண்டரை நிறுத்தினாங்க. திரும்ப வந்தது 2025 அக்டோபர் 1ல இருந்துதான். 2013ல ஜார்க்கண்ட் வழக்கு ஒண்ணுல, ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரோட சொத்துன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சட்டத்துல இடம் இல்லாம அதையோ விடுப்புப் பணத்தையோ பிடிச்சு வைக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு அதிகபட்சம் 30 நாள், எனக்கு 240 நாள். ரெண்டு பேருமே உழைக்கிறோம். இந்த வித்தியாசத்தை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன்.

கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. 2021ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்க்கறவங்களை விட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால இறக்கற ஆபத்து 17 சதவீதம் அதிகம். லீவைச் சேர்த்து வெச்சு மொத்தமாப் பணம் வாங்கி, அதைக் கொண்டு போய் ஆஞ்சியோவுக்குக் கட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். பணம் உங்க உரிமை, விடாதீங்க. ஆனா எடுக்க முடிஞ்ச லீவை எடுத்துடுங்க.

அந்த அம்மாகிட்ட மூணு விஷயம் சொன்னேன். சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, பிஎஃப் நம்பர் எது இருந்தாலும் எடுத்து வைங்க. கணக்கு முடிச்ச தாளோட நகலைக் கேட்டு வாங்குங்க. திண்டுக்கல்ல தொழிலாளர் துறை அலுவலகத்துல எழுத்து மூலமா மனு குடுத்து, ரசீது வாங்குங்க. லீவு சம்பளம் வேற, கிராஜுவிட்டி வேற, ரெண்டையும் தனித்தனியாக் கேளுங்கன்னும் சொன்னேன்.

போன வாரம் மாத்திரைக்கு வந்தாங்க. மனு குடுத்துட்டாங்களாம். ரசீதை மடிச்சு ஓபி சீட்டுக்குள்ளயே வெச்சிருந்தாங்க. பிரஷர் இன்னும் 150லதான் இருக்கு.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது வேலையை விட்டு நின்னிருந்தா, இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்க: "லீவு சம்பளம் வாங்கிட்டீங்களா?"