அமுக்குவான் பேயின் கதை

தருமபுரி பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் புளியமரம் கண்ணில் படாமல் இருக்காது. மாவட்டத்தின் முக்கியமான வியாபாரங்களில் புளியும் ஒன்று. பகலெல்லாம் அந்த மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக் கிடப்பவர்கள்கூட, பொழுது சாய்ந்தால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் "ராத்திரியில அங்க படுத்தா அமுக்குவான் அமுக்கிடும்" என்று பதில் வரும்.

அமுக்குவான் பேய் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பேய்தான். மற்ற பேய்களுக்கெல்லாம் ஒரு கதை இருக்கும். தூக்குப் போட்டுக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர், பிரசவத்தில் இறந்தவர் என்று ஏதோ ஒன்று. அமுக்குவானுக்கு அப்படி ஊரும் இல்லை, பேரும் இல்லை, முன்கதையும் இல்லை. அது செய்கிற வேலையே அதன் பெயர். வரும், அமுக்கும், போய்விடும்.

அனுபவித்தவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விடியற்காலையில் முழிப்பு வருகிறது. கூரை தெரிகிறது, பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை கேட்கிறது. ஆனால் கை கால் அசையவில்லை. கத்தினால் சத்தம் வெளியே வரவில்லை. கதவோரம் யாரோ நிற்பது போல இருக்கிறது. பிறகு அந்த உருவம் நெருங்கி வந்து நெஞ்சின் மேல் ஏறி உட்கார்கிறது. மூச்சு முட்டுகிறது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ சட்டென்று எல்லாம் விட்டுப்போகிறது. உடம்பெல்லாம் வேர்வை.

இதை மறுநாள் வீட்டில் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, முனி அடித்திருக்கிறது என்று சொல்லி முனியப்பன் கோயிலுக்கோ மந்திரிப்பவரிடமோ கூட்டிப் போவார்கள். இல்லையென்றால், "கனவு கண்டிருப்ப, போய் வேலையைப் பாரு" என்று சிரிப்பார்கள். படித்தவர்கள் வீட்டில் இரண்டாவதுதான் அதிகம். இந்த இரண்டு பதிலுமே நெஞ்சில் பாரத்தைச் சுமந்தவருக்கு உதவுவதில்லை. நடந்தது உண்மை, அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் தப்பு என்கிற மூன்றாவது பதிலுக்கு வந்து சேர உலகத்துக்கு ஆயிரம் வருஷம் ஆயிற்று.

இந்த அனுபவத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர் உண்டு. கிரேக்கர்கள் 'எஃபியால்டெஸ்' என்றார்கள், மேலே பாய்கிறவன் என்று பொருள். லத்தீனில் 'இன்குபஸ்', மேலே படுத்துக்கொள்கிறவன். அரபியில் 'காபூஸ்', அழுத்துவது என்ற வினையிலிருந்து வந்த சொல். சீனர்கள் பேய் உடம்பை அழுத்துகிறது என்கிறார்கள். ஜப்பானில் 'கனாஷிபாரி', உலோகத்தால் கட்டிப் போட்டது போல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவ ஊர்களில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஜனங்கள் இத்தனை பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல முடியாது அல்லவா!

இதை வியாதியாகப் பார்த்த பழைய வைத்தியர்களில் ஒருவர் பத்தாம் நூற்றாண்டில் புகாராவில் வாழ்ந்த அகவய்னி. வயிற்றிலிருந்து ஆவி கிளம்பி மூளைக்குப் போவதால் காபூஸ் வருகிறது என்று பாரசீக மொழியில் எழுதிய மருத்துவ நூலில் சொன்னார். காரணம் தப்பு. ஆனால் பேயைத் தேடி வெளியே போகாமல் உடம்புக்குள் தேடினாரே, அது பெரிய விஷயம். 1664இல் டச்சு மருத்துவர் இஸ்பிராண்ட் வான் டீமர்புரூக் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் கதையைப் பதிவு செய்தார். தூங்கப்போகும் நேரத்தில் அந்த அம்மாவின் மேல் சில நாள் சாத்தான் படுத்து அழுத்தும், சில நாள் பெரிய நாய், சில நாள் திருடன். தள்ளிவிடப் பார்த்தால் கை கால் அசையாது. தருமபுரியில் இன்றைக்கு ஒருவர் சொல்வதை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கிறது.

அந்த டச்சுப் பெண் வைத்தியரிடம் போனார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த சேலத்தில் கதை வேறு மாதிரி போயிற்று. (தருமபுரி 1965 வரை நம்முடைய சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர், இரண்டு சேலத்துக்கும் உச்சரிப்பைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை.) 1692இல் அங்கே நடந்த சூனியக்காரி வழக்குகளில், பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் ராத்திரியில் வந்து தங்கள் மேல் உட்கார்ந்து அழுத்தினாள், அசைய முடியவில்லை என்று ஆண்கள் சிலர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. தூக்கத்தில் அனுபவித்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நீதிமன்றமும் நம்பியது. 1692 ஜூன் 10ஆம் தேதி பிஷப்பைத் தூக்கில் போட்டார்கள். அந்த வழக்குகளில் தூக்கிலிடப்பட்டவர்கள் மொத்தம் 19 பேர், முதல் ஆள் அவர்தான். அமுக்குவானுக்கு ஒரு முகத்தையும் பெயரையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட மோசமான உதாரணம் கிடைக்காது. நம்மூரில் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டார்களே, அதுவரை நல்லது.

1753இல் ஜான் பாண்ட் என்ற மருத்துவர் இதற்காகவே ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அவருக்கே இந்தத் தொல்லை இருந்தது. மல்லாந்து படுக்கும்போதுதான் வருகிறது என்று கவனித்தார். சரியான கவனிப்பு, இன்றைய ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. ஆனால் அதற்கு, மூளையில் ரத்தம் தேங்குகிறது என்று காரணம் சொன்னார். தமிழ்ப் பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதியில் "ரத்த ஓட்டம் தடைபடுவதால்தான் அமுக்குவான் வருகிறது" என்று இன்றைக்கும் யாராவது எழுதினால், அது 1753ஆம் வருஷத்து அறிவியல் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு விளக்கமும் நம்மிடம் ரொம்பப் பிரபலம். புளியமரம் ராத்திரியில் கரியமில வாயுவை வெளியிடுகிறது, அதனால் மூச்சு முட்டுகிறது, அதைத்தான் முன்னோர்கள் பேய் என்றார்கள் என்பது அது. பேயை ஓட்டிவிட்டு அதே இடத்தில் வாயுவை உட்கார வைத்த கதைதான். மரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் அது திறந்த வெளியில் ஒரு மனிதனைத் திணறடிக்கும் அளவு கிடையாது. தவிர, கான்கிரீட் வீட்டின் மூன்றாவது மாடியிலும் அமுக்குவான் வருகிறதே, அங்கே எந்தப் புளியமரம்?

சரி, உண்மையான காரணம் எப்போது கிடைத்தது? 1876இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் இந்த அசைவின்மையைத் தனியாக விவரித்தார். 1928இல் கின்னியர் வில்சன் 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று பெயர் வைத்தார். தமிழில் தூக்க முடக்கம் என்று சொல்லலாம். ஆனால் பூட்டு திறந்தது 1953இல்தான். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூங்குகிறவரின் கண்கள் சில நேரங்களில் மூடிய இமைக்குள் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்வார்கள். இதுதான் 'ரெம்' தூக்கம். பிறகு பிரான்சில் மிஷேல் ழூவே, இந்த ரெம் நேரத்தில் உடம்பின் தசைகளை மூளை தானே செயலிழக்கச் செய்துவிடுகிறது என்று பூனைகளை வைத்துக் காட்டினார். மூளைத்தண்டில் அந்தத் தடையைக் கொடுக்கும் பகுதியைச் சேதப்படுத்தினால், பூனை தூக்கத்திலேயே எழுந்து இல்லாத எலி மேல் பாய்வது போல நடந்துகொண்டது.

ஆக, கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிக் கிணற்றில் விழாமல் இருப்பதற்கு இயற்கை போட்ட பூட்டு அது. சில சமயம் மூளை முழித்துக்கொள்கிறது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. கனவும் முழுசாகக் கலையவில்லை. அறையும் தெரியும், கனவில் வந்த ஆளும் அந்த அறைக்குள்ளேயே நிற்பார். மூச்சு முட்டுவதற்கும் இதில் விடை இருக்கிறது. மூச்சு இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால், பயத்தில் பெரிய மூச்சாக இழுக்கப் பார்த்தால் முடியாது. அதுதான் நெஞ்சில் ஏறி உட்காரும் பாரம்.

இது அபூர்வமும் இல்லை. 36,000க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் ஷார்ப்லெஸ், பார்பர் இருவரும் வெளியிட்ட கணக்கின்படி, பொது ஜனங்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்திருக்கிறது. மாணவர்களிடம் அது 28.3 சதவீதம்! பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரிகளை நினைத்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. தூக்கம் குறைவது, நேரம் மாறி மாறித் தூங்குவது, கவலை, மல்லாந்து படுப்பது ஆகியவைதான் இதைக் கூப்பிடும் அழைப்பிதழ்கள். தருமபுரியில் ராத்திரி மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட எழுபவர்கள், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து வயலில் காவல் கிடப்பவர்கள், பெங்களூருவிலும் ஓசூரிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. பேய் இவர்களைத் தேடி வருவதாகச் சொல்வதைவிட, இவர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கேட்பது நல்லது.

பயத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பலந்த் ஜலால் என்ற ஆய்வாளர் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எகிப்தில் பலர் இதை ஜின்னின் வேலை என்று நம்பினார்கள். அங்கே முடக்கம் அதிகம் பேருக்கு வந்தது, பயம் அதிகம், அசையாமல் கிடந்த நேரமும் நீளம். பேய் என்று சொல்லிப் பயமுறுத்தினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுபடி வரும். தலையணைக்குக் கீழே இரும்புத் துண்டோ அரிவாளோ வைத்துக்கொள்ளும் நம்மூர் வழக்கம் சிலருக்குப் பலன் தருவதும் இதனால்தான் இருக்கும். பயம் குறைந்தால் தூக்கம் நன்றாக வருகிறது. ஆனால் கருக்கு அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவது அமுக்குவானைவிட ஆபத்து!

அந்த நேரத்தில் என்ன செய்வது? உடம்பை மொத்தமாக உலுக்கி எழப் பார்த்தால் திணறல்தான் கூடும். இது சில நொடிகளில் தானாக விட்டுப்போகும், இதனால் உயிர் போகாது என்பதை நினைத்துக்கொண்டு, மூச்சை அதன் போக்கில் விடவேண்டும். ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார்ப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. உருவத்தை உற்றுப் பார்க்காமல் கண்ணை மூடி, மனசுக்குப் பிடித்த ஒன்றில் கவனத்தை வைக்கச் சொல்கிறார் ஜலால். பக்கத்தில் படுத்திருப்பவர் தொட்டு எழுப்பினால் பெரும்பாலும் உடனே விட்டுவிடும். அதனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஒருக்களித்துப் படுப்பதும், தினமும் ஒரே நேரத்தில் தூங்குவதும் அடுத்த முறை வருவதைக் குறைக்கும். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழப்போனாலோ டாக்டரைப் பார்க்கவேண்டும். அது நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'நைட்மேர்' என்ற சொல்லில் வரும் 'மேர்' குதிரை அல்ல. தூங்குகிறவரின் நெஞ்சில் ஏறி அமுக்கும் பிசாசுக்குப் பழைய ஆங்கிலத்தில் அதுதான் பெயர். காலப்போக்கில் அந்தச் சொல் எல்லாக் கெட்ட கனவுக்கும் பொதுவாகிப்போய், அமுக்கும் அனுபவத்துக்குத் தனிச் சொல் இல்லாமல் போயிற்று. தமிழில் கெட்ட கனவு வேறு, அமுக்குவான் வேறு. தருமபுரியில் எந்த ஆயாவைக் கேட்டாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்.